பின்

மோட்டுவேகா தோட்டங்களில்
ஆப்பிள் நிரப்பும் மரப்பெட்டிக்குப்
பின் என்று பெயர்.
நானூறு கிலோ கொள்ளும்.
விளிம்பு தொட்டால் நாற்பத்திரண்டு டாலர்.

என் மொழியில் அதற்கு
அப்புறம் என்று அர்த்தம் என்றேன்.
மேற்பார்வைக்காரி மெரெயானா சிரிக்கவில்லை.
"அப்புறம் கிப்புறம் கிடையாது.
நாலரைக்குள் மூன்று."

முன்வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு ஏணி ஏறினால்
கீழ்ப்படியில் ஐந்து மாதம்
உச்சியில் ஒன்பது.
காம்போடு பறிக்க வேண்டும்.
கட்டைவிரல் பதியக் கூடாது.
முட்டையை இறக்குவதுபோல இறக்க வேண்டும்,
அதுவும் அவசரமாக.

இதற்கு முன்னால்
குவீன்ஸ்டவுன் விடுதியில் மெத்தையுறை மாற்றினேன்.
இருபது மெத்தைக்கு
என் ஒரு மெத்தை இலவசம்.
சம்பளம் எவ்வளவு என்று வீட்டிலிருந்து கேட்டார்கள்.
தூக்கம் என்றேன்.
சிக்னல் சரியில்லை என்று நினைத்து
மறுபடியும் கேட்டார்கள்.

கைகூராவில் மீன்கடை எண்ணெய்ச்சட்டி சுரண்டினேன்.
வானாகாவில் யாரோ ஒருவருடைய வீட்டையும்
காது கேளாத நாயையும் பத்து நாள் காத்தேன்.
நாய் கடைசிவரை என்னை நம்பவில்லை.
செக் நாட்டு ஸ்தென்கா
கார் நிறுத்துமிடத்தில் முடி வெட்டுகிறாள்,
தலைக்குப் பத்து டாலர்.
என் நெற்றிமயிர் இன்னும் இடப்பக்கம் சாய்கிறது.

பக்கத்து வரிசையில்
வனுவாட்டுக்காரர்கள். ஏழு மாத ஒப்பந்தம்.
கால்மெட் இரண்டு கையாலும் பறிப்பான்,
பேச்சை நிறுத்தாமல்.
நான் இரண்டாவதின் பாதியில் நிற்கும்போது
அவன் நாலாவதில் சீட்டு ஒட்டுவான்.

மழை வந்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை.
கொட்டகையில் டிராக்டர் வாசனைக்குள் நின்றோம்.
ஒரு பின் உனக்கு என்ன ஆகும் என்று கேட்டான்.
வண்டிக்கு டீசல் என்றேன்.
இருநூற்றைம்பது கிலோமீட்டர்.
"அங்கே யார் இருக்கிறார்கள்?"
யாருமில்லை, கடல் இருக்கிறது.

எங்களிடமும் இருக்கிறது என்றான் மரியாதையாக.
பிறகு கைபேசியைத் திருப்பிக் காட்டினான்.
டன்னாவில் அவன் வீடு.
நாலு சுவர், ஒரு கதவு,
கதவில் பூட்டு.
கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது.
ஒரு பின் என்றால் அவனுக்கு
ஒன்றரைத் தகரம்.
மொத்தம் முப்பத்தாறு வேண்டும்.

அன்றிலிருந்து என் கணக்கு கெட்டுப்போனது.
மரத்தைப் பார்த்தால் தகரம் தெரிந்தது.
சாலையைப் பார்த்தாலும்.

வியாழக்கிழமை சம்பளச் சீட்டு.
எனக்குப் பதினான்கு என்று போட்டிருந்தது.
மணிக்கட்டில் பேனாவால் கிழித்த கோடுகள்
பதிமூன்று.
துடைத்துப் பார்த்தேன், எச்சில் தொட்டு எண்ணினேன்.
பதிமூன்றுதான்.

வரிசையில் எனக்கு முன்னால் கால்மெட்.
ஒன்று குறைகிறது என்றான் தயங்கி,
மழையில் சீட்டு உரிந்திருக்கும்.
மெரெயானா பதிவேட்டைப் புரட்டினாள்.
கெட்டவள் இல்லை, நிஜமாகவே தேடினாள்.
"சீட்டு இல்லாத பின் கடவுளுடையது" என்று
மூடிவைத்தாள்.
அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

சொல்ல வாய் எடுத்தேன்.
என்னுடையதாக இல்லாமலும் இருக்கலாம்,
மெரெயானா என் வரிசையைத் தப்பாக எண்ணியிருக்கலாம்,
கோடு ஒன்று வியர்வையில் போயிருக்கலாம்.
பின் சொல்கிறேன் என்று
எனக்கு நானே சொன்னேன்,
என் மொழியில்.

வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

பிக்டனில் கப்பல்.
வண்டிக்குத் தனிக் கட்டணம், ஆளுக்குத் தனி.
நீரிணை நடுவில் மழை பிடித்தது.
மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த எல்லோரும்
கூரைக்குக் கீழே ஓடினார்கள்.
நானும்தான்.

வெல்லிங்டனில் இன்றிரவு தட்டு கழுவும் வேலை.
மணிக்கூலி, எண்ண எதுவும் இல்லை.
சுவரோரம் நின்று
ஒன்றரைத் தகரத்தின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று
இரண்டு கையையும் விரித்துப் பார்க்கிறேன்.

ஒருக்களித்துப் படுத்தால்
ஒரு ஆள் நனையாமல் தூங்கலாம்.